பால்வினை நோய்களும் தொலைவழிப் பரிசோதனையும்

பால்வினை நோய்கள் பிற தொற்று நோய்களினின்று ஒரு வகையில் வேறுபட்டவை. காய்ச்சல் கண்டவர் அதை அண்டை வீட்டாரிடம் சொல்லி மருந்து கேட்கிறார். மேகநோய் கண்டவரோ அதைத் தம் வீட்டாரிடமும் மறைக்கிறார். மருத்துவமனை பல கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஒரு தடை. அங்கு வரிசையில் தெரிந்தவர் யாரேனும் நிற்பரோ என்னும் அச்சம் அதனினும் பெரிய தடை. இவ்விரு தடைகளையும் கடப்பதற்கு அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள வழியே தொலைவழிச் சேவை. தொலைபேசி, இணையம், தபால் ஆகியவற்றின் மூலம் ஆலோசனை பெறுதலும், வீட்டிலிருந்தே சோதனை செய்துகொள்ளுதலும் இதனுள் அடங்கும். இம்முறை எவ்வாறு செயற்படுகிறது, இதன் வரம்பு யாது, கள ஊழியரும் ஆசிரியரும் இதில் ஆற்றக்கூடிய பணி யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

நோயின் பரப்பு

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரையுள்ளோரிடையே நான்கு பால்வினை நோய்களால் மட்டும் 37 கோடியே 40 லட்சம் புதிய தொற்றுகள் நேர்ந்தன. நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொற்று என்பது இதன் பொருள். கிரந்தி எனப்படும் சிபிலிஸ், வெட்டை எனப்படும் கொனோரியா, கிளமிடியா, டிரைகோமோனியாசிஸ் என்பனவே அந்நான்கு. இவை யாவும் மருந்தால் குணமாகக் கூடியவை. எனினும் தொற்றுற்றோரில் மிகப் பலருக்கு, சிறப்பாகக் கிளமிடியா தொற்றியோருக்கு, எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. அறிகுறி இல்லாதவர் மருத்துவரைத் தேடிச் செல்லார். அவ்வாறு கவனியாது விடப்படும் தொற்று பெண்களிடம் மலட்டுத் தன்மைக்குக் காரணமாகலாம். கருவுற்ற தாயின் கிரந்தி வயிற்றிலுள்ள சிசுவையும் தாக்கும். ஆகவே நோய் தோன்றியபின் வைத்தியம் என்பது போதாது. தேடிக் கண்டறியும் சோதனை வேண்டும்.

மாதிரி பயணம் செய்தல்

நோயாளி ஓரிடத்திலும் ஆய்வுக்கூடம் வேறிடத்திலும் இருப்பது புதிதன்று. 1986-ஆம் ஆண்டில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டன. எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருப்பது முதன்முதலாக அவ்வாறுதான் அறியப்பட்டது. அன்று தொற்றைக் கண்டறிய முடிந்தது; கண்டறியப்பட்டவருக்கு அளிக்கத்தக்க சிகிச்சை இருக்கவில்லை. அரசின் இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துச் சிகிச்சை 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் இந்நாட்டில் தொடங்கிற்று. கண்டறிதல் வேறு, குணப்படுத்துதல் வேறு என்னும் இப்பாடம் தொலைவழிச் சோதனைக்கும் பொருந்துவதாகும்.

மூவகைச் சேவைகள்

தொலைவழிச் சேவைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தொலைவழி ஆலோசனை. நோயாளி தொலைபேசியிலோ காணொளியிலோ மருத்துவருடன் அல்லது ஆலோசகருடன் பேசுகிறார்.

இரண்டாவது, மாதிரியைத் தாமே எடுத்தல். வீட்டுக்கு ஒரு சிறு பெட்டி வருகிறது. அதிலுள்ள பஞ்சுக் குச்சி, குப்பி, விரல் நுனியில் குத்தும் சிறு ஊசி ஆகியவற்றைக் கொண்டு பயனாளி தாமே மாதிரியை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். சோதிப்பது ஆய்வுக்கூடம், முடிவு கைப்பேசிக்கு வருகிறது.

மூன்றாவது, தற்சோதனை. மாதிரி எடுப்பதும், சோதிப்பதும், முடிவைப் படிப்பதும் பயனாளியே. எச்.ஐ.வி. தற்சோதனையை உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றுக்குத் தாமே மாதிரி எடுக்கும் முறையை ஒரு கூடுதல் வழியாக அளிக்கலாம் என 2019-இல் கூறியது.

சோதனையின் விஞ்ஞானம்

மருத்துவர் கை படாத மாதிரி நம்பத்தக்கதா என ஐயுறுவது இயல்பு. கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் இன்று கையாளப்படுவது கிருமியின் மரபுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் முறையாகும். இம்முறைக்குக் கிருமி உயிரோடு வந்து சேரவேண்டுவதில்லை. அதன் மரபுப் பொருள் சிறிதளவு கிடைப்பினும் போதும். இதனால்தான் குப்பியில் அடைத்த மாதிரி தபாலில் சென்றும் பயன்படுகிறது. பெண்கள் தாமே எடுக்கும் யோனிப் பஞ்சுக் குச்சி மாதிரி, மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு ஒப்பாகவே முடிவு தருகிறது. ஆண்களுக்குச் சிறுநீர் போதும். ஆனால் அது முதலில் வெளிவரும் பகுதியாக இருக்கவேண்டும். நடுப்பகுதியைப் பிடித்துக் கொடுத்தால் கிருமி தப்பிவிடக் கூடும்.

எச்.ஐ.வி. தற்சோதனை வேறு வகையானது. அது கிருமியைத் தேடுவதன்று. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. ஈறுகளின்மீது குச்சியைத் தடவி எடுத்த வாய்நீரிலோ, விரல் நுனி இரத்தத்திலோ சோதனை நடைபெறும். முடிவைப் படிக்கும் காலவரையறை ஒவ்வொரு சாதனத்துக்கும் வேறுபடும். வாய்நீர்ச் சாதனம் ஒன்றில் 20 நிமிடத்துக்கு முன்பும் 40 நிமிடத்துக்குப் பின்பும் படித்தல் ஆகாது. குறிப்புத் தாளைப் படித்துப் பொருள் கொள்ள இயலாதவருக்கு ஊழியரின் துணை இங்கே இன்றியமையாதது.

முடிவின் பொருள்

எதிர்ப்பொருள் உடலில் தோன்றுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள் தொற்றைக் காட்டுவதற்குச் சுமார் 23 நாள் முதல் 90 நாள் வரை ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் ‘தொற்று இல்லை’ என வரும் முடிவு உறுதியானதன்று. பத்து நாட்களுக்குமுன் தொற்றுற்ற ஒருவர் இன்று சோதித்து, முடிவை நம்பி, தம் மனைவிக்கும் அதைப் பரப்பக்கூடும். ஆகவே கடைசித் தொடர்பு நேர்ந்து மூன்று மாதம் கழிந்தபின் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

‘தொற்று உண்டு’ என்பது போன்ற முடிவும் இறுதியானதன்று. நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்றை உறுதி செய்வதற்கு வெவ்வேறான மூன்று சோதனைகள் ஒத்து வரவேண்டும். தற்சோதனை அவற்றுக்கு முற்பட்ட வாயிற்படி மட்டுமே. ஏ.ஆர்.டி. மருந்து உட்கொள்பவர் தற்சோதனை செய்தல் கூடாது. மருந்தின் விளைவால் பொய்யாக ‘இல்லை’ எனக் காட்டக் கூடும். அம்முடிவை நம்பி மருந்தை நிறுத்தினால் பெருங்கேடு விளையும். கிரந்தியில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. அதற்குரிய விரைவுச் சோதனைகள் பல, நோய் முற்றிலும் குணமான பின்பும் ஆயுள் முழுவதும் ‘உண்டு’ என்றே காட்டக்கூடியவை. இரத்தத்தை அளவிட்டுப் பார்க்கும் மற்றொரு சோதனையே நோய் இப்போது உள்ளதா எனத் தெரிவிக்கும்.

இலண்டன் நகர ஆராய்ச்சி

இலண்டனில் லாம்பெத், சதக் என்னும் இரு வட்டாரங்களில் நடைபெற்று 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இங்கே குறிப்பிடத்தக்கது. 16 முதல் 30 வயது வரையுள்ள 2,072 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வீட்டுக்கே சோதனைப் பெட்டி அனுப்பும் இணையதளத்தின் முகவரியும், மறு பிரிவினருக்கு அவ்வட்டார மருத்துவ நிலையங்களின் பட்டியலுள்ள இணையதளத்தின் முகவரியும் குறுஞ்செய்தி வாயிலாக அனுப்பப்பட்டன. ஆறு வாரங்களில் முதற் பிரிவில் 100-க்கு 50 பேரும், இரண்டாம் பிரிவில் 100-க்கு 26.6 பேரும் சோதனை செய்துகொண்டனர். தொற்றுக் கண்டறியப்பட்டோர் முறையே 2.8, 1.4 விழுக்காடு. அதாவது இரு வகையிலும் ஏறத்தாழ இரு மடங்கு.

ஆனால் சிகிச்சை பெற்றோரின் விகிதம் முறையே 1.1, 0.7 விழுக்காடே. இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் எனக் கணிதம் கூறுகிறது. சோதனையைப் பெருக்குவதில் தொலைவழி முறை தெளிவான வெற்றி கண்டது. சிகிச்சையில் அவ்வளவு தெளிவான வெற்றியைக் காட்ட இயலவில்லை. இதன் காரணத்தைப் புரிந்துகொள்வது அரிதன்று. கிரந்திக்குரிய பென்சிலின் ஊசி வழியாகச் செலுத்தப்படுவது. கொனோரியாவுக்கும் ஊசி மருந்து வேண்டியிருக்கிறது. பெட்டி வீடு தேடி வரும். ஊசிக்கு மனிதர்தான் செல்லவேண்டும். வெட்கமும் தொலைவும் அப்போது மீண்டும் குறுக்கிடுகின்றன.

நம் நாட்டில் உள்ள வசதிகள்

1097 என்னும் கட்டணமற்ற தொலைபேசி எண் 2014-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் சார்பில் இயங்குகிறது. பெயரைத் தெரிவிக்காமலே இதில் ஐயங்களைக் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் மத்திய அரசு தொலைவழி மருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டில் இ-சஞ்சீவனி வாயிலாக நோயாளிகள் வீட்டிலிருந்தே மருத்துவரைக் கலந்துகொள்ளும் வசதியும் ஏற்பட்டது. நேரடிச் சோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்கள் உள்ளன; தமிழ்நாட்டில் இவற்றை நம்பிக்கை மையம் என வழங்குவர். பால்வினை நோய்களுக்கெனத் தனிச் சிகிச்சையகங்களும் இயங்குகின்றன. இம்மையங்களில் சேவை இலவசமே.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. விவரம் அறிந்து அளித்த சம்மதமின்றி ஒருவரைச் சோதித்தலும், அவர் நிலையைப் பிறருக்கு வெளியிடுதலும், தொற்றைக் காரணமாகக் காட்டி வேலையிலோ கல்வியிலோ பாகுபாடு செய்தலும் அச்சட்டத்துக்கு முரணானவை.

இரகசியம் காத்தல்

தொலைவழிச் சேவையில் இரகசியம் தானே அமைந்துவிடும் என எண்ணுதல் பிழை. பல குடும்பங்களில் கைப்பேசி ஒன்றே. அது பெரும்பாலும் கணவனிடமோ மூத்த மகனிடமோ இருக்கும். ‘உங்கள் முடிவு வந்துள்ளது’ என்னும் ஒரு வரிச் செய்தி ஒரு பெண்ணின் வாழ்வையே குலைக்கப் போதுமானது. ஆகவே எந்த எண்ணுக்கு, எந்நேரத்தில், எவ்வகைச் சொற்களில் செய்தி அனுப்பலாம் என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். நோயாளியின் முடிவைப் படமெடுத்துக் குழுக்களில் பகிர்தல், உதவி செய்யும் நோக்குடனாயினும், அறவே தகாதது.

ஊழியர், ஆசிரியர் கடமைகள்

1. எச்.ஐ.வி. தொற்றக்கூடிய தொடர்பு நேர்ந்து 72 மணி நேரம் கடவாதவரைச் சோதனைப் பெட்டிக்காகக் காத்திருக்கச் செய்யலாகாது. தொற்றைத் தடுக்கும் மருந்து அந்நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் தரும். அவரை உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புக.

2. அடிவயிற்று வலி, காய்ச்சல், விதைப்பை வீக்கம் உடையோரும், கருவுற்ற பெண்களும் தொலைபேசி ஆலோசனையோடு நிற்றல் கூடாது. நேரில் மருத்துவரைக் காணவேண்டும்.

3. சோதனைக்கு வழி சொல்லும்போதே, தொற்று இருப்பின் எந்த மையத்துக்கு எந்நாளில் செல்வது என்பதையும் சொல்லுக. விரும்புவோருடன் துணையாகச் செல்லுதல் சாலச் சிறந்தது.

4. சிகிச்சை பெறுபவரின் துணைவரும் சோதனை செய்துகொள்ளுமாறு ஊக்குக. இல்லையேல் நோய் மீண்டும் தொற்றும்.

5. பதினெட்டு வயது நிரம்பாத மாணவருக்கு விதிகள் வேறு. தொலைவழி ஆலோசனையில் அவருடன் பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது நெறிமுறை. பாலியல் குற்றம் நேர்ந்ததாக அறிய வந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். எனவே ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என ஆசிரியர் வாக்களித்தலாகாது; காக்கக்கூடிய இரகசியத்தையே வாக்களிக்க வேண்டும்.

6. இணையத்தில் விற்கப்படும் சாதனம் யாவும் தரமுடையன அல்ல. உரிமமும் காலாவதி நாளும் பார்த்தே வாங்குமாறு அறிவுறுத்துக.

தொலைவழிச் சேவை மருத்துவமனைக்கு மாற்று அன்று. மருத்துவமனையின் வாயிலைக் கிராமத்துத் தெருவரை நீட்டும் பாதையே அது. அப்பாதையின் முதற் பாதியை விஞ்ஞானம் அமைத்துத் தந்துள்ளது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவரைச் சிகிச்சை வரை அழைத்துச் செல்லும் மறு பாதி, அவர் நம்பிப் பேசக்கூடிய ஊழியரையும் ஆசிரியரையும் சார்ந்ததாகும்.

பயிற்சி வினாக்கள்

1. மாதிரியைத் தாமே எடுத்தலுக்கும் தற்சோதனைக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. தொடர்பு நேர்ந்து இரு வாரம் கழித்துச் செய்த எச்.ஐ.வி. தற்சோதனை ‘இல்லை’ எனக் காட்டுகிறது. அவருக்கு நீவிர் கூறும் அறிவுரை யாது?

3. உம் வட்டாரத்தில் உள்ள மிக அண்மைய பரிசோதனை மையம் எது? அங்குச் செல்லும் வழி, வேலை நேரம் ஆகியவற்றை எழுதுக.