ஜாக்கி தூக்கும், தாங்குமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

ஏலக்காய் என்றதும் போடிநாயக்கனூர் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஏலம் மலையிலிருந்து தானாக இறங்கி வருவதில்லை. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகின்றன. அரிசியும் உரமும் சிமெண்டும் லாரிகளில் ஏறுகின்றன. காய் மூட்டைகள் கீழே இறங்குகின்றன. போடிமெட்டு போய்ச் சேருவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் எஞ்சினும் இறக்கத்தில் பிரேக்கும் படும் பாட்டை ஓட்டுபவர்களே அறிவர். அவ்வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவர்களையும், அவர்கள் உயிரைக் காக்கக்கூடிய எளிய இயற்பியலையும் பற்றியதே இக்கட்டுரை.

என் தந்தையார் லாரிப் பட்டறையில் மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் நான். பாஸ்கல் விதியை வகுப்பில் நடத்தியபோது அது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அப்பாவின் ஜாக்கிக்குள் இருப்பது அதுதானே!

ஜாக்கியின் கணக்கு

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662) கண்ட விதி. இதனைப் பயன்படுத்தி 1795-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிரமா நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஹைட்ராலிக் ஜாக்கி அதன் வழிவந்தது.

ஒரு ஜாக்கியில் சிறிய உந்துதண்டின் விட்டம் 1 செ.மீ., பெரியதன் விட்டம் 5 செ.மீ. என்று கொள்வோம். பரப்பு 25 மடங்கு. கைப்பிடி நெம்புகோலாகி 15 மடங்கு தருகிறது எனில், 20 கிலோ எடைக்குச் சமமாக நாம் அழுத்தினால் 20 × 15 × 25 = 7,500 கிலோ உயரும். ஆனால் இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. வண்டி 1 செ.மீ. உயர, கைப்பிடி மொத்தம் 375 செ.மீ. நகர வேண்டும்.

இனி மறுபக்கம் பார்ப்போம். ஏழரை டன்னையும் மேலே நிறுத்தி வைத்திருப்பது எது? உள்ளே அடைபட்ட எண்ணெய். அதனை வெளியேறாமல் தடுப்பவை ஒரு சிறிய சீலும் வால்வும்தான். சீல் தேய்ந்திருந்தாலோ, வால்வில் ஒரு தூசி சிக்கினாலோ எண்ணெய் கசியும், வண்டி இறங்கும். ஆகவே ஜாக்கி தூக்குவதற்கான கருவி. தாங்கும் வேலைக்கு வேறு ஆள் வேண்டும்.

சரிவில் நிற்கும் வண்டி

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். மலைச்சாலை ஓரத்தில், ஜாக்கியை மட்டும் நம்பி ஜீப்புக்கு அடியில் போனார். ஜாக்கியில் எண்ணெய் கசியவில்லை; கை பிரேக்கும் போட்டிருந்தது. ஆயினும் ஜீப் பின்னோக்கி நகர, ஜாக்கி சாய்ந்துவிட்டது. உயிர் தப்பியது, இடது கை தப்பவில்லை. பிளஸ் டூ முடித்திருந்த அவர் தம்பி, கல்லூரி விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

பிரேக் போட்ட வண்டி ஏன் நகர்ந்தது? சில பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தை நேராகப் பிடிப்பதில்லை. எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டைப் பிடிக்கிறது. நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. தண்டு அசையாமல் நின்றாலும், ஒரு சக்கரம் முன்னே சுழல மறு சக்கரம் பின்னே சுழல அது இடம் கொடுக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் அது தாராளமாகச் சுழலும். தரையிலுள்ளது உருளத் தொடங்கும். பின் சக்கரங்களால் ஓடும் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். பல லாரிகளில் கை பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், அவ்விரண்டையும் தூக்கியதும் பிடிப்பே இல்லாமற் போகிறது.

விசையையும் கணக்கிடலாம். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் நிற்கும் 8 டன் லாரியை, சரிவு ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமமான விசையால் கீழே இழுக்கிறது. ஜாக்கி மேல்நோக்கித் தள்ளும். பக்கவாட்டு இழுப்பைத் தடுக்க அதனால் இயலாது.

அடிமண்ணும் முட்டுக்கட்டையும்

ஜாக்கியின் அடிப்பகுதி 12 செ.மீ. சதுரம் எனில் பரப்பு 144 ச.செ.மீ. 4,000 கிலோ சுமையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 28 கிலோ சுமக்கிறது. மழையில் ஊறிய மலைமண் இதைத் தாங்காது. அடியில் 40 செ.மீ. சதுரமான தடித்த பலகையை வைத்தால் இது இரண்டரைக் கிலோவாகக் குறையும்.

முட்டுக் கொடுக்கச் செங்கல் போதாதா என்று அப்பாவிடம் கேட்டேன். "மரம் முனங்கும் தாயி, நமக்குச் சொல்லிட்டுத்தான் உடையும். செங்கல்லு வாயே திறக்காது" என்றார். நொறுங்கும் பொருள், நார்ப்பொருள் என்று நாங்கள் படிக்கும் வேறுபாட்டை அவர் காதால் படித்திருக்கிறார். உருண்டைக் கல்லும் ஆகாது. ஓரிடத்தில் மட்டுமே தொட்டு நிற்பதால் புரண்டுவிடும்.

செய்ய வேண்டிய முறை

1. கொண்டை ஊசி வளைவிலும் சரிவிலும் வேலை செய்யாமல், கூடியவரை சமதளமான கெட்டித் தரைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். ஆட்களையும் முடிந்தால் சுமையையும் இறக்கிவிட வேண்டும்.

2. கை பிரேக் போட்டு, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கட்டையையோ கல்லையோ சாலையில் விட்டுப் போகக்கூடாது.

3. சக்கர நட்டுகளை வண்டியைத் தூக்குமுன்பே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

4. பலகைமேல் ஜாக்கியைச் செங்குத்தாக நிறுத்தித் தூக்கியபின், ஆக்சிலுக்கு அடியில் சுமைக்கேற்ற ஸ்டாண்டு வைக்க வேண்டும். இல்லையேல் கெட்டி மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அடிப்பக்க நீளத்தைத் தாண்டலாகாது.

5. ஜாக்கியை மெல்ல இறக்கி, சுமையை ஸ்டாண்டின்மேல் அமர்த்த வேண்டும். வெளியே நின்று வண்டியைத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியானபின்பே உள்ளே போகலாம்.

6. கழற்றிய சக்கரத்தைச் சாசிக்கு அடியில் படுக்க வைப்பது நல்லது. எல்லாம் தவறினாலும் மனிதனுக்கு இடம் மிஞ்சும்.

7. டிப்பர் லாரியின் தூக்கிய தொட்டியும் எண்ணெயை நம்பியே நிற்கிறது. தொட்டியைக் காலி செய்து, அதற்குரிய முட்டுத்தண்டைக் கொடுக்காமல் அடியில் தலை நீட்டக்கூடாது.

இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது, "கட்டை அடுக்குற நேரத்துல வேலையே முடிஞ்சிரும்" என்றார் உடனிருந்த ஒருவர். கட்டை அடுக்க ஐந்து நிமிடம் ஆகிறது. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். வண்டி விழுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது. அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட எடுக்கும் நேரம் சுமார் 0.32 வினாடி. ஒருவர் உருண்டு வெளியே வர அது போதாது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் வண்டிகளுக்கு அடியில் உழைத்தே நமக்குக் கட்டணம் கட்டுகின்றனர். தேர்வுத்தாளில் பாஸ்கல் விதியை எழுதி மதிப்பெண் பெறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அடுத்த விடுமுறையில் பட்டறைக்குப் போகும்போது நான்கு கெட்டி மரக்கட்டைகளும் ஒரு தடித்த பலகையும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வைத்துவிட்டு வாருங்கள்.