ஃப்ரன்ட் சைட்டை எதால் நிறுத்துவது: திருகா, காடியா, பின்னா?

போடியில் வீடும், போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டமுமாக வாழ்கிறவர்கள் பலர். தோட்டக் காவலுக்கு உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவருக்கும், ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைக்கும் ஒரே தொல்லை வரலாம்: குழல் நுனியில் இருக்கும் ஃப்ரன்ட் சைட் ஆடுகிறது. எப்படி நிறுத்தலாம் என்பதற்கு வழிகள் உண்டு. எது யாருக்கு என்று பார்ப்போம்.

சின்ன ஆட்டம், பெரிய விலகல்

ஃப்ரன்ட் சைட் நகர்ந்த அளவை இலக்கின் தூரத்தால் பெருக்கி, அதற்கும் கண்ணருகே இருக்கும் ரியர் சைட்டுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் குண்டு எவ்வளவு விலகும் என்று தெரிந்துவிடும். இடைவெளி 75 செ.மீ. என்றால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆட்டம் 10 மீட்டரில் சுமார் 1.3 மி.மீ. விலகலாகிறது. போட்டி அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ.; பத்தாம் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. கண்ணுக்கே தெரியாத ஆட்டம் அரை வளையத்தைத் தின்றுவிடும். அதே ஆட்டம் 50 மீட்டரில் ஐந்து மடங்காகும்.

திருகுப் பிடி

போட்டி ஏர் ரைஃபிள்களில் குழலின் மேல் பெரும்பாலும் 11 மி.மீ. தண்டவாளம் இருக்கும். சைட்டை அதில் ஏற்றித் திருகினால் போதும், குழலில் கை வைக்க வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், சைட்டுக்குள் இருக்கும் வளையத்தை மாற்றலாம். குறை, திருகு தளரும் என்பதுதான். ஸ்பிரிங் வகை ரைஃபிள் சுடும்போது முன்னும் பின்னும் உதறுவதால் இன்னும் சீக்கிரம் தளரும். மிதமாகப் பிடிக்கும் திருகுப் பசை (லாக்டைட்) ஒரு சொட்டு விட்டு, தண்டவாளத்திலும் சைட்டிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு கீறி வையுங்கள். கோடு பிரிந்தால் சைட் நகர்ந்துவிட்டது.

டவ்டெயில் காடி

குறுக்காக வெட்டிய காடியில் சைட்டைப் பித்தளைத் தண்டு வைத்துத் தட்டி ஏற்றுவது. இடம் வலம் திருத்த இதைவிட வசதி வேறில்லை. ஆனால் உயரத்தைத் திருத்த வேறு உயரமுள்ள சைட்டைத்தான் போட வேண்டும். பலமுறை தட்டினால் காடி தளர்ந்துவிடும்.

குறுக்குப் பின்

குழலைச் சுற்றிய வளையத்தோடு சைட்டை ஏற்றி, குழலின் கீழ்த்தோலை உரசிப் போகும்படி துளையிட்டுப் பின் அடிப்பது. திரும்பவும் முடியாது, முன்னே நழுவவும் முடியாது. உறுதியில் இதுதான் முதல். ஆனால் துளை போட்ட பிறகு அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் அதோடுதான் காலம் தள்ள வேண்டும். ஒரு முனை மெலிந்த டேப்பர் பின் என்றால் மெல்லிய முனையிலிருந்துதான் தட்டிக் கழற்ற வேண்டும். தடித்த பக்கம் தட்டினால் இன்னும் இறுகும்.

பழைய .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள் காடி, பின் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. சைட் நிற்கும் கட்டை குழலோடு பின் அடித்துப் பூட்டப்பட்டது. பார்க்கும் தகடு அந்தக் கட்டையின் காடியில் ஏறியது. தகடுகள் பல உயரங்களில் வந்தன. பிடிமானத்துக்குப் பின், திருத்தத்துக்குக் காடி. இன்றைக்கும் நல்ல பாடம்.

பற்றவைப்பதைத் தவிருங்கள். வெள்ளிப் பற்றுக்கு வேண்டிய சூடு குழலின் எஃகையும் மெருகையும் கெடுக்கக்கூடும்.

நேர் பார்ப்பது

முதலில் துப்பாக்கி காலியா என்று இருமுறை பாருங்கள். பிறகு அதைத் தாங்கியில் வைத்து, உடற்பகுதியின் தட்டையான இடத்தில் ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். எதிரே சுவரோரம் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, ரியர் சைட் வழியே பாருங்கள். ஃப்ரன்ட் சைட்டின் தகடு நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். சாய்ந்த சைட் ஒரு தூரத்தில் சரியாகச் சுடும். தூரம் மாறினால் பக்கவாட்டில் விலகும்.

அடுத்தது சுட்டுப் பார்ப்பது. ஐந்து குண்டு சேர்ந்து விழும் இடத்தைப் பாருங்கள், ஒற்றைக் குண்டை நம்பாதீர்கள். குண்டு இடப்பக்கம் விழுந்தால் ஃப்ரன்ட் சைட்டை இடப்பக்கமே நகர்த்துங்கள். மேலே விழுந்தால் உயரமான சைட் வேண்டும். பின் அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

சட்டம்

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதன் சைட்டை வீட்டிலேயே மாற்றலாம். மற்ற துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதற்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் வேண்டும். துளை போட லேத் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள், உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்குப் போங்கள். மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். உங்கள் உரிமம் எந்தப் பகுதிவரை செல்லும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முடிவாக

பழகும் பிள்ளையின் ஏர் ரைஃபிளுக்குத் திருகுப் பிடி போதும். உரிமம் பெற்ற .22 விளையாட்டு ரைஃபிளுக்குக் காடி. அடிக்கடி ஜீப்பில் குலுங்கி, ஒரே தூரத்துக்கு, ஒரே வகைக் குண்டோடு பயன்படும் ரைஃபிளுக்கு மட்டும் பின். பயிர்க் காவலுக்குச் சட்டம் அனுமதிப்பது வழவழப்பான குழல் துப்பாக்கி. அதன் நுனியில் இருப்பது பெரும்பாலும் மரை போட்ட சிறு மணிதான். கழன்றால் அதே மரையுள்ள புது மணியைக் கடையில் மாட்டச் சொல்லுங்கள். அதற்காகக் குழலில் துளை போட யாரையும் விடாதீர்கள்.