மக்களடர்த்தி: மான்செராட் தீவில் ஒரு கணக்கு

மக்கள்தொகையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது மக்களடர்த்தி. இதை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வந்த விடை எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அந்த இடத்தில் நான் எடுத்துக்கொள்வது கரீபியன் கடலிலுள்ள மான்செராட் தீவை.

பிரிட்டனின் ஆட்சிப்பகுதியான இத்தீவின் பரப்பளவு 102 சதுர கி.மீ. மட்டுமே. நிலவரைபடத்தில் ஆன்டிகுவாவுக்குத் தென்மேற்கே ஒரு புள்ளியாகத் தெரியும். கரீபியன் தட்டின் கிழக்கு விளிம்பில், அதன் அடியில் மற்றொரு தட்டு அமிழ்வதால் உருவான எரிமலைத் தீவுகளில் இதுவும் ஒன்று. 1991-இல் இங்கு சுமார் 10,600 பேர் வாழ்ந்தனர், சதுர கி.மீ.க்கு ஏறத்தாழ 104 பேர். அரசு அலுவலகங்கள், துறைமுகம், மருத்துவமனை, கடைவீதி எல்லாம் தென்மேற்குக் கரையிலிருந்த தலைநகர் பிளிமத்தில்தான்.

1995 ஜூலை 18-இல், தெற்கிலுள்ள சூஃப்ரியர் குன்றுகள் எரிமலை சீறத் தொடங்கியது. மக்கள் வடபகுதிக்கு அனுப்பப்பட்டனர். ஆனாலும் பயிரைப் பார்க்கச் சிலர் அபாயப் பகுதிக்குள் போய் வந்துகொண்டிருந்தார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. 1997 ஜூன் 25-இல் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் பாறைத்துண்டுகளும் மலைச்சரிவில் பாய்ந்து வந்தபோது 19 பேர் இறந்தனர். பிளிமத்தும் சாம்பலில் புதைந்தது. சட்டப்படி இன்றும் அதுவே தலைநகர். அங்கு வசிப்பவர் எவருமில்லை. அரசு இயங்குவது வடக்கிலுள்ள பிரேட்ஸிலிருந்து. அழிந்த விமான நிலையத்துக்குப் பதிலாக 2005-இல் வடக்கே புதியது திறக்கப்பட்டது.

பெரும்பாலோர் பிரிட்டனுக்கும் ஆன்டிகுவாவுக்கும் சென்றுவிட்டனர். 2011 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 4,922 பேர். இவர்களில் கயானா, ஜமைக்கா போன்ற நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு. ஆகவே 'மீதமிருந்தவர்கள் 4,922' என்று கரும்பலகையில் எழுதிவிடக் கூடாது.

இப்போது வகுக்கச் சொல்லுங்கள். விடை 48. 'நெரிசல் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது சார்' என்பார்கள். உடனே மறுக்க வேண்டாம். தரையில் சுண்ணக்கட்டியால் 12 கட்டங்கள் வரையுங்கள். ஆயிரம் பேருக்கு ஒருவராக 11 மாணவர்களை அவற்றில் நிறுத்துங்கள். ஆளுக்கொரு கட்டம் கிடைத்து, ஒன்று மிஞ்சும். பிறகு தெற்கே 8 கட்டங்களை அழித்துவிடுங்கள். தீவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தடைசெய்யப்பட்ட பகுதியாகிவிட்டது. ஆறு பேரை வகுப்பறை வாசலுக்கு அனுப்பிவிட்டு, மீதி ஐவரை 4 கட்டங்களில் நிற்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு இடமிராது.

ஆள் குறைந்தும் இடம் போதவில்லை. 4,922-ஐ 34 சதுர கி.மீ.ஆல் வகுத்தால் சுமார் 145. தீவின் நடுவிலுள்ள சென்டர் ஹில்ஸ் காட்டையும் கழித்தால் எண் இன்னும் உயரும். 1991-க்கும் இதே போல மலைச்சரிவுகளைக் கழிக்க வேண்டாமா என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி; கழித்தால் 104-ம் கூடும். எந்தப் பரப்பளவால் வகுப்பது என்ற விவாதத்துக்கே அடுத்த பாடவேளை முழுவதையும் ஒதுக்கினேன். வாசலில் நின்ற அந்த ஆறு பேரிடமும், 'திரும்பி வருவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள்.