விழுந்த இடமும் வழுக்கிய இடமும்

நுழையும்முன்

உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே மேசைக் கணினியைப் பூட்டி அமைத்துக்கொள்ளும் இளைஞர் பலர். அக்கணினி அடிக்கடி முடங்கும்போது பழுதைக் கண்டறியும் பொறுப்பும் அவர்களையே சேர்கிறது. கணினி தானே எழுதிக்காட்டும் காரணம் உண்மைக் காரணமாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அதனை ஓர் உண்மை நிகழ்வின்வழி விளக்குகிறது இப்பாடம்.

முழுக்கணினியாக வாங்கியவருக்குப் பழுது நேர்ந்தால் விற்ற நிறுவனம் ஒன்றே பொறுப்பு. தாமே பூட்டியவரின் நிலை வேறு. தாய்ப்பலகை ஒரு நிறுவனத்தின் ஆக்கம். நினைவகம் மற்றொன்றின் ஆக்கம். மின்வழங்கியும் வரைகலை அட்டையும் வேறு நிறுவனங்களுடையவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவாதம். பழுதுற்றது இன்ன பாகம் என்று சுட்டிக்காட்டாதவரை எந்த உத்தரவாதமும் பயன்படாது. தவறாகச் சுட்டிவிட்டாலோ, புதிய பாகத்துக்குப் பணம் கொடுத்த பின்னும் பழைய முடக்கம் தொடரும்.

செய்தியும் காரணமும்

முடக்கம் எல்லாம் ஒரே தன்மையதன்று. எவ்வித அறிவிப்புமின்றி, விளக்கணைந்தாற்போல் நின்றுவிடுவது ஒருவகை. இங்கு முதல் ஐயம் மின்வழங்கியின் மீதும் வெப்பத்தின் மீதும் விழும். நீலத்திரை தோன்றி, நிறுத்தக் குறியீடு ஒன்றைக் காட்டிவிட்டு மீண்டும் தொடங்குவது மற்றொரு வகை. ஏனையவை இயங்கிக்கொண்டிருக்க, ஒரு மென்பொருள் மட்டும் மூடிக்கொள்வதும் உண்டு.

விண்டோஸ் இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்னும் பதிவைக் கண்டதும், மின்வழங்கியே பழுது என முடிவுகட்டிப் புதியது வாங்குவோர் உளர். அப்பதிவு சொல்வது ஒன்றே: கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது. பயனரே பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே பதிவுதான் எழும். இறப்புச் சான்றிதழில் 'உயிர் பிரிந்தது' என்று மட்டும் எழுதிவைத்தாற்போன்றது அது.

அட்டையின் மீது விழுந்த பழி

இன்டெல் நிறுவனத்தின் பதின்மூன்றாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலகங்கள் 2022 அக்டோபரில் வெளிவந்தன. பதினான்காம் தலைமுறையின 2023 அக்டோபரில் வந்தன. அவற்றுள் உயர்திறன் வாய்ந்தவற்றைப் பூட்டிய பலருடைய கணினிகளில், சில விளையாட்டுகள் தொடங்கும்போதே மூடிக்கொண்டன. வரைகலை நினைவகம் போதவில்லை என்பது திரையில் வந்த செய்தி. 24 ஜிகாபைட் நினைவகமுள்ள அட்டையை வைத்திருந்தோரும் அச்செய்தியைக் கண்டு திகைத்தனர். ஐயம் இயல்பாகவே அட்டையின்மீது விழுந்தது.

உண்மையில் அட்டையின் நினைவகம் நிறைந்திருக்கவில்லை. விளையாட்டின் தரவுகள் சேமிப்பகத்தில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். தொடங்கும்போது அவற்றை விரித்தெடுப்பது மையச் செயலகத்தின் பணி. ஓயாத கணக்கீடு வேண்டும் அப்பணியில் சிறு பிழை நேர்ந்தாலும், விரிந்து வரும் தரவு கெட்டுவிடும். செயலகம் அக்கணக்கில் தவறியது. விளையாட்டு மென்பொருளோ, தான் அறிந்த காரணங்களுள் ஒன்றை எழுதிக்காட்டிவிட்டு ஓய்ந்தது. அதனைக் குறைகூற இயலாது. தன்னை இயக்கும் செயலகமே கூட்டலில் தவறும் என்று மென்பொருள்கள் பொதுவாக எதிர்பார்ப்பதில்லை.

தரவை விரிக்கும் மென்பொருளை ஆக்கிய ராட் கேம் டூல்ஸ், இது மென்பொருட் பிழையன்று, வன்பொருட் சிக்கல் என அறிவித்தது. செயலகத்தின் வேகத்தைச் சற்றே குறைத்தபோது பல கணினிகளில் முடக்கம் நின்றது. இச்சிறு சோதனை பெருஞ்சான்றாக அமைந்தது. அட்டையின் நினைவகம் போதாமையே காரணமாயின், செயலகத்தின் வேகத்தைக் குறைப்பதால் அது தீர்ந்திருக்க வழியில்லை.

செயலகத்தினுள் இயங்கும் நுண்குறிமுறை, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றுவந்தது என்று இன்டெல் 2024 ஜூலையில் தெரிவித்தது. மிகை அழுத்தமும் வெப்பமும் செயலகத்தின் கடிகாரச் சுற்றை முதுமையடையச் செய்தன. ஆகஸ்டு மாதத்தில் வந்த திருத்தம், 1.55 வோல்ட்டுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைத் தடுத்தது. ஆயினும் அது வருமுன் காக்கும் மருந்தே. முன்னரே நலிந்த செயலகத்தை அது மீட்கவில்லை. நிறுவனம் உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

தெரிந்து தெளிவோம்

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் விட்டில்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அதனைப் பதிவேட்டில் ஒட்டி, பூச்சியைக் கண்டறிந்த முதல் நிகழ்வு என்று நகைச்சுவையாக எழுதிவைத்தனர். பொறியியற் பழுதைப் 'பூச்சி' எனும் பொருள்பட 'பக்' என்றழைக்கும் வழக்கு அதற்கு முன்பே, எடிசன் காலத்திலேயே இருந்தது.

ஒன்றை மட்டும் மாற்றுதல்

பழுது நாடுவோர் பலர் ஒரே மாலையில் இயக்கிகளைப் புதுப்பித்து, நினைவகத்தை இடம்மாற்றி, இயங்குதளத்தையும் மீண்டும் நிறுவிவிடுகின்றனர். முடக்கம் நின்றாலும் எதனால் நின்றது என்பது விளங்காது. ஒருமுறைக்கு ஒரு மாற்றமே தகும். அதன் நாளும் விளைவும் ஏட்டில் குறிக்கப்படவேண்டும்.

தொடங்கத் தகுந்த இடம் நினைவகம். டி.டி.ஆர். 5 நினைவகத்தின் பெட்டியில் 6000 என அச்சிட்டிருப்பினும், அது எக்ஸ்.எம்.பி. போன்ற அமைப்பைப் பயாஸில் இயக்கினால் மட்டுமே கிட்டும் மிகைவேகம். அவ்வமைப்பை நீக்கி இயல்பு வேகத்தில் இயக்கிப் பார்த்தல் செலவில்லாத சோதனை. பின்னர் மெம்டெஸ்ட்86 கொண்டு, நினைவகப் பட்டைகளை ஒவ்வொன்றாக இரவு முழுதும் சோதிக்கலாம். அது இயங்குதளத்தின் துணையின்றி இயங்குவதால் இயங்குதளப் பிழைகள் குறுக்கிடா. ஒரே ஒரு பிழை தென்படினும் அதனைப் புறக்கணித்தல் கூடாது.

மின்வழங்கியைத் திறந்து பார்த்தல் அறவே ஆகாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதனை மாற்றிப் பூட்டியே சோதிக்கவேண்டும்.

காத்திருத்தலே இப்பணியின் கடினமான பகுதி. வாரம் ஒருமுறை முடங்கும் கணினி, மாற்றத்துக்குப் பின் இரண்டு நாள் நன்றாக ஓடியது என்பது எதற்கும் சான்றாகாது. மூன்று நான்கு வாரம் பொறுத்த பின், பழைய பாகத்தையே மீண்டும் பூட்டிப் பார்க்கவேண்டும். முடக்கம் திரும்பி வருமாயின், அப்பாகத்தையும் நாட்குறிப்பு எழுதிய ஏட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லலாம்.