கிருமியின் பெயரை முதலில் கேள்

அன்புள்ள கயல்விழிக்கு,

ஜிப்மரில் சேர்ந்த முதல் வருடமே வெர்டிப்ரோபிளாஸ்டிக்குப் பின் வரும் முதுகெலும்புத் தொற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், மகிழ்ச்சி. உன் கல்லூரியின் வேர், பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி. நீ கேட்ட வெர்டிப்ரோபிளாஸ்டியும் பிரான்சில் பிறந்ததுதான். 1984இல் அமியேன் நகரில், கட்டி அரித்திருந்த கழுத்தெலும்பு ஒன்றுக்குள் ஊசி வழியே எலும்புச் சிமெண்டைச் செலுத்தினார்கள். இன்று எலும்பு மெலிந்து நொறுங்கிய முதியவர்களுக்கே இதை அதிகம் செய்கிறார்கள்.

இதற்குப் பின் தொற்று வருவது அரிது. வந்துவிட்டால் எளிதில் போகாது. சிமெண்டுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. அதன்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாவை மருந்து எட்டுவது கடினம். குறைந்திருந்த வலி மீண்டும் ஏறும், படுத்தாலும் விடாது. காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இரண்டும் சந்தேகத்தை வலுப்படுத்தும். ஆனால் எந்தக் கிருமி என்று அவை சொல்லாது.

ஊசியின் அருமை இங்கேதான். சி.டி. ஸ்கேன் பார்த்தபடி, மரத்துப்போகச் செய்யும் ஊசி மட்டும் போட்டு, தொற்றுள்ள இடத்திலிருந்து துணுக்கு எடுக்கலாம். சீழ் இருந்தால் அதே வழியில் குழாய் வைத்து வடிக்கலாம்; எண்டோஸ்கோப்பால் கழுவலாம். தசையைப் பெரிதாக அறுக்க வேண்டாம் என்பது, பெரிய அறுவையைத் தாங்காத முதியவருக்குப் பெரிய உதவி.

பெரும்பாலும் அகப்படுவது ஸ்டஃபைலோகாக்கஸ். நம் நாட்டில் காசநோயையும் தேட வேண்டும். எலும்பு மெலிவு என்று நினைத்துச் சிமெண்ட் வைத்த இடத்தில், காசநோய் முன்பே ஒளிந்திருந்தது பின்னால் தெரிந்ததும் உண்டு. சாதாரண பாக்டீரியாவுக்கு ஆறு வார ஆன்டிபயாடிக் போதலாம். காசநோய்க்குச் சிகிச்சை ஓராண்டு அளவுக்கு நீளும். பெயர் தெரியாமல் மருந்து கொடுத்தால் மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். பிறகு தேடுவது கடினம். நோயாளி நிலையாக இருந்தால், மாதிரி எடுக்கும்வரை மருந்தை நிறுத்திவைப்பார்கள்.

சிறு துளை எல்லாருக்கும் போதாது. கால் பலவீனமானாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, எலும்பு சரிந்தாலோ திறந்து செய்யும் அறுவைதான் வழி. சிமெண்டையே அகற்ற வேண்டியும் வரலாம். இரத்தம் முழுவதும் தொற்று பரவியிருந்தால் மாதிரிக்காகக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்க வேண்டும்.

வார்டுக்குப் போகத் தொடங்கியதும், இத்தகைய நோயாளியின் கேஸ் ஷீட்டில் இரண்டு தேதிகளைப் பார்: கல்ச்சர் எடுத்தது எப்போது, முதல் ஆன்டிபயாடிக் போட்டது எப்போது. மருந்து முந்தியிருந்தால், ஏன் என்று கேள்.

அன்புடன்,
மாமா