'அஞ்சா நெஞ்சன்' வேண்டாம், தம்பி



பங்கு ஆண்டு மலரில் வந்த உன் தேவசகாயம் கட்டுரையை இரண்டு முறை படித்தாயிற்று. மூன்று பக்கத்துக்குள் ஐந்து இடத்தில் 'அஞ்சா நெஞ்சன்'. போதாததற்கு, 'பயப்படாதே' என்ற சொல் விவிலியத்தில் 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்ற பழைய கணக்கு வேறு. எண்ணிப் பார்த்தாயா? அந்தக் கணக்குத் தேறாது. யாரோ மேடையில் சொன்னது, கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதைவிட உறுத்துவது அந்த 'அஞ்சா நெஞ்சன்'தான். பின்னாளில் தேவசகாயம் ஆன அரண்மனை ஊழியர் நீலகண்டனுக்கு, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. யோபு யார்? தான் எதற்குப் பயந்தாரோ அதுவே நேர்ந்துவிட்டது என்று வாய்விட்டு அழுதவர். அந்த அழுகையைக் கேட்டவர்தான் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அலைக்கழித்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டு. விடிந்தால் என்ன ஆகும் என்று தெரியாத அத்தனை இரவுகளில் ஒன்றையாவது நீ எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? கெத்சமனியில் இயேசுவின் வியர்வை இரத்தத் துளிகள் போல விழுந்ததை லூக்காவே மறைக்கவில்லை.

மரக்காணத்துப் பிள்ளையான உனக்கு இந்தப் பயம் தெரியாததா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஒரு பெரியவர் மாதக்கணக்கில் கடல் பக்கமே திரும்பவில்லை. ஒருநாள் விடியற்காலை படகடிக்கு வந்தார். நெற்றியில் தொடங்கிய சிலுவை அடையாளம் தோளுக்கு வருவதற்குள் கை நடுங்கி நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து போட்டார். பிறகு படகைத் தள்ளினார்.

உன் கடைசிப் பத்தி மட்டும் வேறு கை எழுதியது போல இருக்கிறது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின், மூழ்கிக் கிடக்கும் உப்பளத்தின் வரப்பில் ஒரு அம்மா நிற்கிறார். வாங்கிய முன்பணத்தையும் மளிகைக் கடனையும் விரல்விட்டு எண்ணுகிறார். எண்ணி முடிக்காமலே, அதே விரல்களில் ஜெபமாலை சொல்லத் தொடங்குகிறார். அபாரம்! இப்படியொரு காட்சி இந்தப் பக்கத்து மலர்களில் வந்து பல வருடம் ஆகிறது.

அடுத்த கட்டுரையை அந்த அம்மாவிடமிருந்து தொடங்கு. 365-ஐ எடுத்துவிடு.