மலை ஏறிய குழல், இறங்கிய சுருதி

பழனி அடிவாரத்தில், நண்பகல் வெயிலில், சுருதிப்பெட்டியுடன் சேர்ந்து நீங்கள் புல்லாங்குழல் பழகுவதாக வைத்துக்கொள்வோம். குழலும் பெட்டியும் நன்றாக இழைகின்றன. பிற்பகலில் பேருந்து ஏறிக் கோடைக்கானல் போகிறீர்கள். இரவில் அதே குழலை அதே பெட்டியுடன் ஊதுகிறீர்கள். ஒட்டவில்லை! குழலின் ‘ஸ’ தாழ்ந்து ஒலிக்கிறது. மூங்கில் வெடித்துவிட்டதா? வாசிப்பு மறந்துவிட்டதா?

இரண்டும் இல்லை. காரணத்தைத் தேடுவோம், வாருங்கள்.

குழலில் ஒலிப்பது எது?

குழலில் ஒலிப்பது மூங்கில் அன்று. உள்ளே இருக்கும் காற்றுத் தம்பம். நீங்கள் ஊதும் காற்று வாய்த்துளையின் விளிம்பில் மோதி, அந்தத் தம்பத்தை அதிரச் செய்கிறது. தம்பம் நீளமானால் அதிர்வெண் குறையும், குட்டையானால் கூடும். அந்தக் காற்றில் ஒலி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதும் முக்கியம். வேகம் குறைந்தால் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் குறைந்துவிடும்.

கோடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. “காற்று மெலிந்ததால்தான் சுருதி இறங்கியது” என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது தவறு! ஒரே வெப்பநிலையில் அழுத்தம் குறையும்போது காற்றின் அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைகிறது. ஒன்றை மற்றொன்று ஈடு செய்துவிடுவதால் ஒலியின் வேகம் மாறுவதில்லை.

உண்மையான காரணம் குளிர். 0 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் அது 0.6 மீட்டர் கூடும். பழனியில் 34 டிகிரி என்றால் வேகம் சுமார் 351 மீட்டர். கோடைக்கானலில் 12 டிகிரி என்றால் சுமார் 338 மீட்டர். ஏறக்குறைய 4 விழுக்காடு குறைகிறது. பழனியில் வினாடிக்கு 300 முறை அதிர்ந்த ‘ஸ’, மலைமேல் 289 முறைதான் அதிரும். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரத்தானங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சுமார் 6 விழுக்காடு. அதில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது! சுருதிப்பெட்டியில் ஒலிப்பதோ உலோக நாக்கு. குளிர் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதனால்தான் பிணக்கு. ஊத ஊத உங்கள் வெம்மையான மூச்சு குழலைச் சூடாக்கும். பிணக்கும் ஓரளவு குறையும்.

விகிதம் மாறவில்லை

இப்போது சுருதிப்பெட்டியை மூடிவைத்துவிட்டுச் சங்கராபரணத்தை ஊதிப் பாருங்கள். அழகாகவே இருக்கிறது! ஏன்? ஏழு ஸ்வரங்களும் ஒரே விகிதத்தில்தான் இறங்கியிருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள உறவு குலையவில்லை. ஓர் இராகத்தின் ஸ்வர வரிசை என்பது தனித்தனி எண்கள் அன்று, விகிதங்கள்.

மேல்நாட்டார் மேஜர் ஸ்கேல் என்று அழைக்கும் வரிசையும் நம் சங்கராபரணமும் ஏறத்தாழ ஒன்றே. ‘ஸ’வுக்குக் காற்றுத் தம்பம் 60 செ.மீ. என்று கொண்டால், மற்றவற்றுக்கு வேண்டிய நீளம் இது:

ரி 53.3, க 48, ம 45, ப 40, த 36, நி 32, மேல் ஸ 30.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். 48-லிருந்து 45-க்கும், 32-லிருந்து 30-க்கும் உள்ள தாவல்கள் மட்டும் சிறியவை. க–ம, நி–ஸ ஆகிய இந்த இரு இடங்களிலும் அரைப் படி. மற்ற இடங்களில் எல்லாம் முழுப் படி. சங்கராபரணத்தின் முகமே இதுதான்.

ஐந்து துளையில் ஏழு ஸ்வரமா?

ஏழு ஸ்வரத்துக்கு ஏழு துளை வேண்டும் என்று நினைக்கிறீர்களா? ஜப்பானியரின் மூங்கில் குழலான ஷாகுஹாச்சியைப் பாருங்கள். வழக்கமான குழலின் நீளம் சுமார் 54.5 செ.மீ. முன்புறம் நான்கு, பின்புறம் ஒன்று என ஐந்தே துளைகள். குறுக்கே பிடிக்காமல், மேல்நுனியின் விளிம்பில் ஊதுவார்கள்.

எல்லாத் துளைகளையும் மூடி, பிறகு கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் வரும் ஸ்வரங்கள் நம் சுத்த தன்யாசியை ஒத்திருக்கும். அவற்றில் இரண்டாவது ஸ்வரத்தை ‘ஸ’ என்று வைத்துக்கொண்டால், அதே குழலில் மோகனம் பிறக்கிறது: ஸ ரி க ப த. சங்கராபரணத்துக்குக் குறைவது எவை? ‘ம’வும் ‘நி’யும். அரைப் படிகள் அமைந்த அதே இரு இடங்கள்!

அவற்றை வாசிப்பவர் எப்படிப் பெறுகிறார்? துளையை விரலால் பாதி மூடுகிறார். மோவாயைத் தாழ்த்தி உதட்டின் கோணத்தை மாற்றுகிறார். சுருதி வேண்டிய அளவு இறங்குகிறது. இந்த நுணுக்கம் நமக்கும் புதிதன்று. எட்டு விரல் துளைகள் கொண்ட நம் கர்நாடகக் குழலிலும் பாதித் துளை இன்றிப் பல ஸ்வரங்களும் கமகங்களும் வாரா. மாலி என்று எல்லோரும் அழைத்த டி.ஆர்.மகாலிங்கம் (1926–1986), விரல்பிடியையும் உதட்டின் கட்டுப்பாட்டையும் கொண்டே குழலைப் பாட வைத்தார்.

செய்து பாருங்கள்

ஒரே பருமன் உள்ள பப்பாளி இலைக் காம்புகளையோ மெல்லிய குழாய்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தந்த நீளங்களில் நான்கில் ஒரு பங்காக எட்டுத் துண்டுகள் வெட்டுங்கள். ‘ஸ’ 15 செ.மீ., ‘க’ 12, ‘ப’ 10, மேல் ‘ஸ’ 7.5, மற்றவற்றை நீங்களே கணக்கிடுங்கள். அடிவாயைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். களிமண் உள்ளே போகும் அளவையும் சேர்த்து வெட்டுங்கள், உள்நீளம்தான் கணக்கு. மேல்வாயின் விளிம்பில் குறுக்காக ஊதுங்கள். சங்கராபரணம் கேட்கிறதா?

அடுத்த முறை மலை ஏறும்போது அவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். ‘ஸ’ இறங்கும், சங்கராபரணம் மட்டும் அப்படியே இருக்கும்!